பிஸ்கட் டப்பாவில் என் கையெழுத்து

புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பொறியாளர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று பொறியாளர் சங்க ஆண்டு மலர்க்காரர்கள் கேட்டார்கள். "சாதனைகளை எழுதுங்க சார்" என்றும் சொன்னார்கள். முப்பத்து நான்கு ஆண்டு அரசுப் பணியில் என் சாதனை ஒன்றுதான். எந்த விதி எந்தக் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்த அறிவு ஒரு நாள் பிற்பகல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எழுதுகிறேன்.

முதலில் தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தொண்ணூறுகளின் கடைசி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கிய காலம். சாலை, வடிகால், குடிநீர்க் குழாய் என்று எங்கள் கோட்டத்தில் வாரம் ஒரு டெண்டர். அலுவலக வராந்தாவில் இரண்டு பூட்டுப் போட்ட பச்சைத் தகரப் பெட்டி இருக்கும். கடைசி நாள் மூன்று மணிக்குள் உறையை அதில் போட வேண்டும். அன்று காலையிலிருந்தே வெள்ளைச் சட்டை போட்ட உள்ளூர் ஒப்பந்ததாரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பெட்டியைச் சுற்றி நிற்பார்கள். யாரையும் அடிக்க மாட்டார்கள். சும்மா நிற்பார்கள். வெளியூர் ஆள் எவராவது உறையோடு வந்தால், "இன்னா அண்ணே, வழி தவறி வந்துட்டியா? பஸ் ஸ்டாண்டு அந்தாண்ட கீது" என்பார்கள். வந்தவர் பஸ் ஸ்டாண்டுக்கே போய்விடுவார். மூன்று மணிக்கு நான் பெட்டியைத் திறந்து உறைகளை எண்ணி, "டெண்டர் பெறுதல் அமைதியாக நடைபெற்றது" என்று பதிவேட்டில் எழுதுவேன். அதில் பொய் கிடையாது. அமைதியாகத்தான் நடந்தது.

எனவே, சில ஆண்டுகள் கழித்து, இனி டெண்டரைக் கம்ப்யூட்டர் வழியாகவே போடலாம் என்று சோதனை முறையில் அறிவித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. பெட்டியே இல்லாதபோது எதைச் சுற்றி நிற்பார்கள்? சேலத்துக்காரர் சேலத்தில் உட்கார்ந்தபடியே போடலாம். எங்களுக்குச் சென்னையில் ஒரு நாள் பயிற்சி தந்தார்கள். காலையில் படக்காட்சி, மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழ். ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். விரல் நீளத்தில் ஒரு சின்னச் சாவி மாதிரி இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால் அது உங்கள் கையெழுத்து. சட்டப்படி மையில் போட்டதற்குச் சமம். வந்த டெண்டர்களைத் திறக்க இரண்டு பேருடைய டோக்கன் சேர வேண்டும். ஒன்று செயற்பொறியாளரான என்னுடையது. மற்றது அலுவலகக் கண்காணிப்பாளர் தணிகாசலத்துடையது. ஒருவர் தவறினாலும் மற்றவர் காப்பார் என்பது ஏற்பாடு.

டோக்கனை வாங்கி வந்து நான் செய்ததைக் கேளுங்கள். இந்தப் புதுப் பொருளுக்குக் கையேட்டில் விதி இல்லை. விதி இல்லாத இடத்தில், அதற்கு மிக நெருங்கிய பொருளின் விதியைப் பொருத்த வேண்டும் என்பது மரபு. கையெழுத்துக்கு உதவும் பொருள் என்றால் அது ரப்பர் ஸ்டாம்பு. ரப்பர் ஸ்டாம்பு கண்காணிப்பாளரின் இழுப்பறையில் இருக்க வேண்டும், பதிவேட்டில் ஏற வேண்டும், அடையாளச் சீட்டு கட்டப்பட வேண்டும். நான் டோக்கனுக்கு நூலில் என் பெயர் எழுதிய ஓர் அட்டைச் சீட்டைக் கட்டினேன். எண் மறந்தால் பணி தடைபடும் என்பதால் ரகசிய எண்ணையும் அதிலேயே பச்சை மையில் எழுதினேன். கீழே என் சுருக்கொப்பம். முத்திரைப் பதிவேட்டில் பதினேழாவது வரிசையில் "கையெழுத்து, மின்னணு, ஒன்று" என்று பதிவு செய்து தணிகாசலத்திடம் ஒப்படைத்தேன். அதன் பிறகு நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு விதியைக்கூட நான் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

புது முறையில் வந்த முதல் வேலை ஒரு மழைநீர் வடிகால். ஒரகடம் போகிற வழியில் நெல் வயல்களை நிரவி, நாலடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி, தொழிற்பேட்டைக்கு மனை போட்டிருந்தார்கள். நடுவில் இருந்த குடியிருப்பு மட்டும் பழைய மட்டத்திலேயே நின்றது. அதாவது, ஓர் ஊரைச் சுற்றிலும் உயர்த்திவிட்டு அதைக் குழியாக்கிவிட்டோம். முந்தைய ஐப்பசியில் பேட்டையின் தண்ணீர் முழுவதும் அந்த எழுபது எண்பது வீடுகளுக்குள் போனது. அடுத்த மழைக்குள் வடிகால் முடிந்தாக வேண்டும்.

அறிவிப்பு வெளியாகிப் பத்து நாள் இருக்கும். சேலத்திலிருந்து ஓர் ஒப்பந்ததாரர் போன் செய்தார். "சார், பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள சொந்தமா கான்கிரீட் கலவை ஆலை இருக்கணும்னு போட்டிருக்கீங்களே. மொத அறிவிப்புல அது இல்லீங்களே?" என்றார். நான் வேறொரு கோப்பில் மூழ்கியிருந்தேன். "அறிவிப்பில் இருப்பதுதான் விதி. முழுவதும் படித்துப் பாருங்கள்" என்று வைத்துவிட்டேன். முழுவதும் படித்திருந்ததால்தான் அவர் கேட்டார். படிக்காதவன் நான்.

ஆடி மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு டெண்டர் திறப்பு. கம்ப்யூட்டர் கணக்குப்படி ஏழு டெண்டர்கள் வந்திருந்தன. ஏழு பேரும் அலுவலகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய வெள்ளைச் சட்டைக்காரர்கள்தான். மூன்றே கால் மணிக்குத் தணிகாசலம் உள்ளே வந்தார்.

"சார், இன்டர்நெட் லைன் செத்துப்போச்சு. நெடுஞ்சாலையில ஜே.சி.பி. கேபிள வாரிடுச்சாம்."

"எப்போது சரியாகும்?"

"போன் கம்பெனில கேட்டேன் சார். 'எந்த கேபிளு'ன்னு என்னையே கேக்கறான்."

முன்னறிவிப்பின்றி நேரத்தை மாற்ற முடியாது. ஆனால் வந்திருப்பவர்கள் எழுத்தில் சம்மதித்தால் இடத்தை மாற்றலாம். நான் இரண்டே நிமிடத்தில் குறிப்பு எழுதினேன். ஏழு பேரும் கையெழுத்திட்டார்கள். "எங்கே போகலாம்?" என்று நான் கேட்கும் முன்பே, "ஸ்டெல்லா கடைக்குத்தான் சார், அங்க வேற லைனு" என்றார்கள், ஒரே குரலில். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"டோக்கனை எடுத்துக்கொள்ளும்" என்றேன் தணிகாசலத்திடம்.

அவர் இழுப்பறைப் பக்கம் போகவில்லை. "அது அங்கதான் சார் இருக்குது."

"எங்கே?"

"ஸ்டெல்லா கிட்ட. நம்ம லைன்ல எதுவும் ஏற மாட்டேங்குது சார். எனக்கு அந்த கம்ப்யூட்டர் எலியப் புடிக்கவும் வரல. அதான், அறிவிப்பு போட எடுத்துட்டுப் போனேன். அப்பிடியே அங்க..."

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடை மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் மாதா படம் போட்ட காலண்டர். நடத்தியவர் ஸ்டெல்லா. முப்பது வயதிருக்கும். தபாலில் பி.காம். படித்தவர். பயிற்சிக்குப் போகாமலேயே எங்கள் எல்லோரையும்விட அந்த முறையை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

"வாங்க சார்! இன்னா சார், எல்லாரும் ஒண்ணா வந்துட்டீங்க? சேர் பத்தாதே" என்று சிரித்தபடி, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார்.

உள்ளே ஒன்பது டோக்கன்கள் இருந்தன. ஏழில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, ஆள் பெயரும் ரகசிய எண்ணும் எழுதியிருந்தது. மீதி இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அதில் ஒன்றில் பச்சை மைச் சீட்டு தொங்கியது. என் எழுத்து. என் சுருக்கொப்பம்.

"ரெண்டும் சேந்தாத்தான் தொறக்கும்னு தணிகாசலம் சார் சொன்னாரு. தனித்தனியா வெச்சா ஒண்ணு தொலைஞ்சிடும்னு ஒண்ணா கட்டி வெச்சிட்டேன் சார்" என்றார் ஸ்டெல்லா. பாராட்டை எதிர்பார்த்த முகம்.

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "மற்ற ஏழும்?" என்றேன்.

"எல்லாரும் இங்கதான் சார் போட்டாங்க. கஜா அண்ணன் ஒரே பேப்பர்ல ஏழு பேரு ரேட்டையும் எழுதிக் குடுத்துடுச்சு. நான்தான் ஒண்ணொண்ணா ஏத்தினேன். மூணு நாளு ஆச்சு சார், லைனு வுட்டு வுட்டு வந்துச்சு."

கஜா அண்ணன் என்கிற கஜேந்திரன் கையிலிருந்த டீ கிளாஸை மெதுவாக ஜன்னல் கட்டையில் வைத்தார். மற்ற ஆறு பேரும் காலண்டரைப் பார்த்தார்கள். பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் இப்போது பெட்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது. அதிர்ச்சி இவ்வளவுதான் என்று நினைத்தேன். ஸ்டெல்லா திரையைத் திறந்தார். எங்கள் அறிவிப்புக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "திருத்த அறிவிப்பு 1." பதினைந்து கிலோமீட்டருக்குள் சொந்தக் கலவை ஆலை கட்டாயம். அதற்கும் கீழே என் பெயர், என் பதவி, கையெழுத்து செல்லும் என்று ஒரு பச்சை அடையாளம்.

"இதை யாரம்மா போட்டது?"

"நீங்கதான் சார்."

"நான் போடவில்லையே."

"உங்க சாவிதான சார் போட்டுது? கஜா அண்ணன் பேப்பர் எடுத்துகினு வந்துச்சு, ஆபீஸ்ல குடுத்தாங்கன்னுச்சு. சாவி இங்கியே இருந்துச்சா, நானும்..." அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஐயய்யோ. நீங்க குடுக்கலியா சார்?"

அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் கடிதங்களை டைப் அடிக்க எடுத்துப் போவதும், அறிவிப்பைப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவதும் காலம் காலமாக ஒப்பந்ததாரர்களின் ஆட்கள்தான். அரசுக் காகிதம் கஜேந்திரனின் கையில் வருவது அந்த ஊரில் யாருக்கும் விநோதம் இல்லை. எனக்கும் விநோதமாக இருந்ததில்லை. அந்தப் பிற்பகல் வரைக்கும். கள்ளக் கையெழுத்து என்றால் "இது என்னுடையதல்ல" என்று சொல்லித் தப்பலாம். இது என் கையெழுத்தேதான். சேலத்துக்காரருக்குக் கதவைச் சாத்தியவர் சட்டப்படி நான். அது போதாதென்று, போனிலும் ஒருமுறை சாத்தியிருந்தேன்.

மணி மூன்று ஐம்பது. கஜேந்திரன் எழுந்து வந்தார். மிரட்டவில்லை. வீட்டு மனிதர் மாதிரிதான் பேசினார்.

"சார், கோச்சிக்காத. இப்போ இன்னா ஆயிடுச்சி? ரேட்டு எஸ்டிமேட்டுக்குக் கீழதான் கீது. நான் உள்ளூர்க்காரன், எங்க ஓடப் போறேன்? தொறந்து வுடு, ரெண்டே மாசத்துல கால்வா முடிச்சிக் குடுக்கறேன். கேன்சல்னா மறுபடி நோட்டீசு, மறுபடி ஒரு மாசம், ஐப்பசி வந்து நிக்கும். தண்ணி உன் ஆபீசுக்குள்ளயா வரும்? இதோ நிக்குதே, இது வூட்டுக்குள்ளதான் பூரும்."

ஸ்டெல்லா வீடு அந்தக் குழிக்குள் இருந்த குடியிருப்பில் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"போன வருசம் இடுப்பு வரைக்கும் சார்" என்றார் அவர். முறையிடவில்லை, தகவலாகச் சொன்னார். "அதான் சார், லைனு கட்டானாலும் வுடாம ஏத்தினேன். எங்க தெரு வேலையாச்சேன்னு."

நான் மாடிப்படியில் இறங்கி நின்று மேலதிகாரிக்கு செல்போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "உமக்கு ரிடையராக எத்தனை மாசம் இருக்கு?" என்றார்.

"எட்டு."

"எட்டு மாசத்தை வெச்சிக்கிட்டு 'என் கையெழுத்தை டப்பாவில் விட்டுட்டேன்'னு எழுதித் தரப் போறீரா? நேரா சார்ஜ் மெமோதான். பென்ஷன் நிக்கும். திருத்தத்துல இருக்கறது உம்ம கையெழுத்துதானே? அப்போ எல்லாம் முறைப்படிதான் இருக்கு. திறந்துடும். மழைக்கு முன்னாடி கால்வாய் வரட்டும். புண்ணியமாப் போகும்." இவ்வளவும் சொல்லிவிட்டு, "நீர் எனக்குப் போன் பண்ணவே இல்லை" என்று முடித்தார்.

படியில் நின்றபடி யோசித்தேன். திறந்தால் எனக்கு நல்லது, மேலதிகாரிக்கு நல்லது, கஜேந்திரனுக்கு நல்லது, எல்லோரையும்விட ஸ்டெல்லாவுக்கு நல்லது. திறக்காவிட்டால் நல்லது முகம் தெரியாத ஒரு சேலத்துக்காரருக்கு மட்டும். அவரும் இந்நேரம் வேறு வேலைக்குப் போயிருப்பார். நான் துணிச்சல்காரன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். நான் எழுதாததை என் கையெழுத்து எழுதியிருக்கிறது. இதை இன்று ஒப்புக்கொண்டால், நாளை அது வேறு என்ன எழுதும் என்று யாருக்குத் தெரியும்?

மேலே போய், "டெண்டர் ரத்து" என்றேன்.

ஒருவரும் கத்தவில்லை. கஜேந்திரன் மட்டும் ஸ்டெல்லாவைப் பார்த்து, "கேட்டுக்கினியா ஸ்டெல்லா? கட்டில ஒசத்திப் போட்டுக்க" என்றார்.

ரத்து அறிவிப்புக்கும் கையெழுத்து வேண்டும். முதல்முறையாக என் டோக்கனை நானே கையில் எடுத்துச் செருகினேன். ரகசிய எண் கேட்டது. எனக்குத் தெரியவில்லை. சீட்டைத் திருப்பி, என் பச்சை மையைப் பார்த்துத்தான் தட்டினேன். அடுத்து எங்கே அழுத்துவது என்றும் தெரியவில்லை. விரல் திரைக்கு முன்னால் அலைந்தது. ஸ்டெல்லா பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்க இல்ல சார். கீழ. சிவப்பா இருக்குது பாருங்க. 'உறுதியா'ன்னு கேக்கும். ஆமான்னு குடுங்க."

தன் வீட்டுக்குள் தண்ணீரை விடுகிற பொத்தானை அவர்தான் எனக்குக் காட்டினார். நான் அழுத்தினேன்.

அந்த ஆண்டு ஐப்பசி எங்களுக்கு ஒரு நாள்கூட இரக்கம் காட்டவில்லை. மூன்றாவது நாள் மழையில் நான் ஜீப்பை மேட்டில் நிறுத்திவிட்டு அந்தக் குடியிருப்புக்குள் இறங்கினேன். ஸ்டெல்லாவின் வீட்டில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டிலின் மேல் அரிசி மூட்டை, துணி மூட்டை, தையல் மிஷின். கணவர் தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போயிருந்தார். ஸ்டெல்லா சுடிதார் பேண்டை மடித்துவிட்டுத் தனியாகத் தண்ணீரை வாளியில் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அள்ளிய தண்ணீர் திரும்ப உள்ளே வந்தது.

சொல்ல வேண்டியதை ஜீப்பில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே அவர்தான் பேசினார்.

"கேன்சல் பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன் சார். வீட்டுக்காரர் திட்டறாரு, தெருவுல திட்டறாங்க, நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. அந்தச் சீட்டுல நம்பர் எழுதனீங்க. பேரு எழுதனீங்க. கையெழுத்து வேற போட்டீங்க. 'என்னைக் கேக்காம எதையும் போடாதே'ன்னு ஒரு வரி எழுத எடம் இருந்துதே சார். எழுதியிருந்தா நான் போட்டிருப்பனா?"

சீட்டில் இடம் இருந்தது. பாதி அட்டை காலியாகத்தான் இருந்தது.

விசாரணை முறைப்படி நடந்தது. என் வாக்குமூலத்தை நானே எழுதினேன். இலக்கணப் பிழை இல்லாத குற்ற ஒப்புதல் என்று விசாரணை அதிகாரியே பாராட்டினார். பென்ஷன் இரண்டு ஆண்டு தாமதமாக வந்தது. தணிகாசலத்துக்கு எச்சரிக்கை. ஏழு ஒப்பந்ததாரர்களும் தடைப் பட்டியலில் சேர்ந்தார்கள். கஜேந்திரனின் மைத்துனர் அடுத்த மாதமே புது உரிமத்துக்கு விண்ணப்பித்தார். துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: எல்லா டோக்கன்களையும் பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும், பெட்டியின் சாவி கண்காணிப்பாளரிடம் இருக்க வேண்டும். படித்துவிட்டு நான் வெகுநேரம் சிரித்தேன். தணிகாசலம் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். உங்கள் பெயரில் வெளியே போவதை வாரத்தில் ஒரு நாளாவது வெளியாளைப் போல உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். ஓர் ஒப்பந்ததாரர் போன் செய்து "இது எப்போ சேத்தீங்க?" என்று கேட்டால், கையிலிருக்கும் கோப்பை மூடிவிட்டுக் கேளுங்கள்.

தை பிறந்து வடிகாலுக்கு மறு டெண்டர் போட வேண்டியிருந்தது. எங்கள் லைன் அப்போதும் விட்டு விட்டுத்தான் வந்தது. நான் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தனியாக, ஸ்டெல்லா கடை மாடியேறினேன். ரகசிய எண்ணை மாற்றி மனப்பாடம் செய்திருந்தேன். காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: "டோக்கனை வைத்துவிட்டுப் போகக் கூடாது. நம்பரை என்னிடம் சொல்லக் கூடாது." துறைச் சுற்றறிக்கை எழுதியவர்களுக்கு இது தோன்றவில்லை. பிஸ்கட் டப்பாவில் இப்போது குண்டூசி இருந்தது.

பழக்கத்தில் நான் டோக்கனை அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே போடுங்க சார்" என்று நாற்காலியைவிட்டு எழுந்தார்.

நான் உட்கார்ந்து செருகினேன். அறிவிப்பை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எண் கேட்டது. ஸ்டெல்லா முதுகைத் திருப்பிக்கொண்டார். நான் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டி முடிக்கும்வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.